மூன்று விழுக்காடு

திங் தவுக்கே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.
ஒரு விரலை விட்டெடுத்து வெயிலில் காட்டினார்.
பால் விடாத தேநீர் நிறம்.
"பரமகுரு, இது தண்ணி இல்லை. துரு."

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், எழுபத்து நாலாம் வருடத்தது.
முன்பாதி முழுதும் முதலை வாயாய்த் திறக்கும்.
சேமநிதிப் பணத்தில் ஒரு கை அள்ளி வாங்கினேன்.
சித்தியவான் சமிக்ஞை விளக்கில் நின்றாலே
முள் கடைசிக் கோட்டுக்குப் போய்விடும்.
ஆவி சீறும்.
நான் இறங்கி, பின்னால் ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்துக்
கை கூப்புவேன்.

இனித் தண்ணீரே வேண்டாம் என்றார்.
வேறொரு நீர்மம் இருக்கிறதாம்,
நூற்றெண்பது டிகிரியிலும் கொதிக்காதாம்,
குழாய்களை முட்டாது, இரும்பைத் தின்னாது.
விலையைக் கேட்டு நாற்காலி தேடினேன்.
ஒரே நிபந்தனை:
பழைய தண்ணி உள்ளே தங்கக் கூடாது.

செய்தி எனக்கு முன்பே
முடிவெட்டும் கடைக்குப் போயிருந்தது.
"பரமகுரு காடியும் தண்ணிய விட்டிருச்சாமே!"
கத்தரியோடு சொன்னான் நாகலிங்கம்.
பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், மெதுவாக,
கழுத்தில் கத்தி இருந்தது.
எனக்குப் பதினாலு மாதம் ஆகிறது.
ஊரின் பெயரிலேயே தண்ணீர்.
ஆயர் தாவார்.

இஞ்சின் அடிவயிற்றில் ஒரு திருகு.
இரண்டு நாள் எண்ணெயில் ஊறியும் அசையவில்லை.
மூன்றாம் நாள் சுத்தியலுக்கு இளகியது,
முதலில் ஒன்றும் வரவில்லை,
கம்பியால் குத்தினோம்,
பிறகு சேறு,
பிறகு சேற்றுக்குப் பின்னால் காத்திருந்த தண்ணீர்.
காற்றடித்தோம். குழாய் இருமியது.
முடிந்தது என்றேன்.
"ஹீட்டர்?" என்றார் திங்.
இந்த வெக்கையில் அதை ஒருநாளும் போட்டதில்லை.
அதற்குள் இருந்தது அரைக் கோப்பை.

புது நீர்மத்தை வாளியில் ஊற்றி வைத்திருந்தோம்.
கொடியில் துணி எடுக்க வந்த கோமளம்
குனிந்து மோந்து பார்த்தாள்.
முன்பெல்லாம் இரவில் கதவைத் திறந்ததும்
என் சட்டைக் காலரருகே இப்படித்தான் வருவாள்.
"இனிப்பா இருக்கு வாசனை,"
சொல்லிவிட்டுத் துணியோடு உள்ளே போனாள்.

நிரப்பி, ஓடவிட்டு, ஆறவிட்டு,
கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து
வானத்தை நோக்கிப் பிடித்தார் திங்.
வானம் மூடிக்கொண்டிருந்தது,
நாலு மணி மழைக்கு.
"மூணு விழுக்காடு."
"இன்னுமா?"
"மூணு வரைக்கும் பரவாயில்லை."
"எங்கே இருக்கு அது?"
தோளைக் குலுக்கினார்.
கண்ணாடியைத் துடைத்த துணிக்கும்
சேர்த்துத்தான் கணக்கு எழுதினார்.

மூடிமேல் மூன்று மொழியில் ஒட்டினேன்:
தண்ணீர் ஊற்றாதீர்.

போன சனிக்கிழமை, புருவாஸ் போகும் வழியில்,
செம்பனைக்கு நடுவே வண்டி நின்றது.
பெட்ரோல் குழாயில் ஏதோ அடைப்பு.
முள் அசையாமல் நடுவில்.
ஆனாலும் திறந்த முதலை வாயைப் பார்த்தால்
யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்.
ஹோண்டா கப்பில் புல்கட்டு ஏற்றிவந்த மலாய்க்காரர்
ஓரங்கட்டினார்,
இறங்குவதற்குள்ளேயே பாட்டிலை நீட்டினார்.
"ஆயர், பாங்?"

வேண்டாம் என்று கையசைத்தேன்.
ஒட்டியதைக் காட்டினேன்.
உதடு அசைய வாசித்தார்,
இஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
நம்பவில்லை.

பிறகு அவரே கொஞ்சம் குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு
மறுபடி நீட்டினார்.
இம்முறை எனக்கு.

வெயிலில் கிடந்த பாட்டில், வெதுவெதுப்பு.
உப்பில்லை, இனிப்பில்லை,
தொண்டையை எரிக்கவும் இல்லை.
பாதிக்கு மேல் குடித்திருப்பேன்.