பேனா மை

உளுந்தூர்பேட்டை தாண்டி ஏதோ ஒரு வேகத்தடையில்
மூடிகள் நெகிழ்ந்திருக்க வேண்டும்.
சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பையை இறக்கும்போதே
கண்டக்டர் மூக்கைப் பொத்தினார்:
"என்னம்மா, சரக்கா?"

நண்டுண்ணா.
ஐம்பத்திரண்டு புட்டி.
கிள்ளைக் கழியில் பன்னிரண்டு நாள்
முட்டளவு சேற்றில் நின்று பிடித்தவை.
பாதி, யாரும் நடாத அலையாத்தி.
பாதி, வாய்க்கால் வெட்டி
வரிசை பிடித்து நட்டது.

எது எந்தப் பாதி என்று
இனி சொல்ல முடியாது.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடையில்
இலவசமாய்க் கொடுத்த பேனா.
ஸ்பிரிட் பட்டதும் எழுத்தெல்லாம் நீலமாய்க் கரைந்து
நண்டுகளின் வயிற்று மடிப்பில் போய்த் தங்கிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் கரண்ட் இல்லை.
ஜன்னலில் ஏற்காட்டு மலை, வெயிலில் வெளுத்து.
இருபது வருஷம் தவளை எடுத்துக் கொடுத்த இருசப்பன்
புட்டி ஒன்றைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறார்.
"பல தினுசு இருந்தா காடு,
ஒரே தினுசுன்னா நட்டது. எழுதிட்டுப் போம்மா."
பிறகு அவரே குழம்பி,
"எங்கூர்ல நட்டாத்தான் காடு.
மரவள்ளிக் காடு, சோளக் காடு.
சும்மா கெடந்தா அது கரடு."

எழுதிவிடலாம்.
அப்படித்தான் இருக்கும் என்று
போன வருஷமே பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்து
பணமும் வாங்கியாயிற்று.

ஒரு புட்டி மட்டும் நிச்சயம்.
சேற்று நண்டு சுண்டுவிரலைக் கிழித்த அன்று
மூடி இறுகாமல்
என் தலைமுடி ரப்பரைக் கழற்றிச் சுற்றியது.
நான்காம் வாய்க்கால். நட்டு ஒன்பது வருஷம்.

தட்டில் கவிழ்க்கிறேன்.
நெற்றி அகன்றது இரண்டு.
காலெல்லாம் மயிர் முளைத்தது.
ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண்.
முதுகு சொரசொரத்தது.
அப்புறம் நகத்தளவில் ஒன்று,
இதன் பெயர் எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சு தினுசு," என்கிறார் இருசப்பன். "அப்ப காடு."
நட்டதுண்ணா.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

பென்சில் ஸ்பிரிட்டில் கரையாது.
முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்.
ஐம்பத்தோரு சீட்டிலும்
பென்சிலால் எழுதுகிறேன்: இடம் தெரியாது.

அமாவாசை வற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
சிதம்பரத்துக்கு ஒரு டிக்கெட்.
பையை இந்த முறை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.