உப்பு எடுத்த படம்

கமரா கிடையாது.
யார் எடுத்தது என்று கேட்டால்
உப்பு என்கிறேன், சிரிக்கிறார்கள்.

பழைய கம்பனி ஒன்றின் விளம்பரச் சுருள்,
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாய்,
பதினொரு நிமிடம்.
இரும்புக்கடையில் நிறுத்து வாங்கினேன்.
சல்லியில் அருமைலிங்கம் வள்ளம் கட்டும் கல்லில்
வலைத்துண்டால் பொதிந்து இறக்கினேன்.
பத்தொன்பது நாள்.
இடையில் ஒருமுறை அவர் இழுத்துப் பார்த்தாராம்
நண்டு ஏதும் பட்டிருக்கா என்று.

மஞ்சள்தான் முதலில் கரையும்.
சுருளின் மேல்தோல் அது,
அதன்கீழ் செம்மை, அடியில் நீலம்.
கடல் ஒவ்வொன்றாய் உரித்துப்போய்
தன் நிறம் வந்ததும் நிறுத்திக்கொண்டது.
தாங்கிகளின் வட்டங்கள் மட்டும் ஆங்காங்கே,
சிரங்கு ஆறிய தழும்பாய்.

திருக்கடலூரில் ஐஸ் அறையின் வெளிச்சுவர்.
இஸ்மத் கொண்டுவந்த ஜெனரேற்றர் இருமியது.
முப்பது பேர் இருக்கும்;
பாதிப் பேர் மற்றப் பாதியைப் பார்க்க வந்தவர்கள்.

'எப்ப தொடங்கும்?' நாலாம் நிமிடத்தில் ஒரு குரல்.
'தொடங்கி முடியப்போகுது.'
நீலம் கொதித்தது. கீறல் ஒன்று
மேலிருந்து ஓடிவந்து
சுவரைத் தாண்டி மணலுக்குள் போனது.
அருமைலிங்கம் மெல்லச் சொன்னார்:
'உது நீரோட்டம். கச்சான் விழுந்து
வாடை எழும்பேக்க இப்பிடித்தான்.'
நான் எடுக்காததை அவர் பார்த்துவிட்டார்.
மெற்றில்டா அக்காவுக்குக் கண்ணில் வெண்புரை எடுத்து ஒன்பது நாள்.
'கட்டு அவிழ்க்க டொக்டரின்ட முகம் இப்பிடித்தான் வந்தது,
நிறம் நிறமா.
மூக்கு பிறகுதான்.'

குப்பை மேய வந்த மான் ஒன்று
ஒளிக்குள் தலையை விட்டது.
சுவரில் கொம்பின் நிழல், முதுகில் என் படம்.
எது மானின் புள்ளி, எது உப்பின் புள்ளி,
தெரியாத மூன்று விநாடி.
பிறகு திரும்பியது.
இரண்டு பச்சைக் கண்கள்
விளக்கை விளக்கிடமே திருப்பிக் கொடுத்தன.
அத்தனை நல்ல வெட்டு
என் கத்தரிக்கோலுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

கடைசி நிமிடம் வெறும் வெள்ளை.
உப்பு முழுதும் தின்ற இடம்.
ஒன்றுமில்லை என்றுதான் விட்டுவைத்தேன்,
'அருவம்' என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

சுவர் பளீரென்று எரிந்தது.

பின்னால், ஐஸ் உடைக்கும் தவேந்திரன்
சத்தமில்லாமல் நிலத்தில் குந்தினார்,
இரண்டு கையும் பிடரியில்.
'பரா' என்றார்.
அவர் வயதுக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை.
பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

நிறுத்தினேன்.
இருட்டில் எல்லோர் கண்ணிலும்
அந்தச் சுவர் இன்னும் இருந்திருக்கும்,
ஊதாவாய், நாலு மூலையோடு,
பார்க்கும் பக்கமெல்லாம் கூட வந்து.
தவேந்திரனிடம் நிறம் கேட்கவில்லை.
சாரத்து மண்ணைத் தட்டினார்,
'நல்லா இருந்தது தங்கச்சி' என்றார்,
ஐஸ் அறைக்குள் போய்
கதவைச் சாத்தவில்லை.

வெட்டவா, விடவா.
மேசையில் கத்தரிக்கோல், பக்கத்தில் அந்த ஒரு நிமிடம்:
ஆயிரத்து நானூற்று நாற்பது சட்டகம்.
விளக்குக்கு நேரே பிடித்து
ஒவ்வொன்றாய் எண்ணுகிறேன்.
எல்லாம் காலி.
இருநூற்றுப் பதினாறு வரை வந்தாயிற்று,
இன்னும்
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.