முந்தி இருந்தவர்

உவர்மலையில் மேல்மாடி. இரண்டு அறை, ஒரு குசினி.
யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம்.
வாடகை குறைவு. ஏன் குறைவென்று
திறப்பைத் திருப்பிய கையோடே தெரிந்துவிட்டது.
சுகிர்தா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.
நான் பொத்தவில்லை.
ஒருதரம் முழுதாக உள்ளே இழுத்தேன்,
தற்செயலாகத்தான்.

கீழ்வீட்டுப் பெலிசியா அக்கா சொன்னா:
"அந்தாள் நல்ல மனிசன் தம்பி, சத்தம் சண்டை ஒண்டுமில்லை.
ஒண்டாந் தேதி வாடகை கைக்கு வந்திடும்.
கதவைப் பூட்டிப்போட்டுப் பத்துவார், அவ்வளவுதான்."
ஒன்பது வருசம்.

நான் விட்டு எட்டு மாதம் பன்னிரண்டு நாள்.
யாரிடமும் சொல்வதில்லை.
எண்ணுவதை மட்டும் இன்னும் விடவில்லை.

முதல் கிழமை காற்றை நம்பினோம்.
கச்சான் காலம், எதிரெதிர் யன்னல்களை அகலத் திறந்தோம்.
கச்சான் வந்தது. மேசையில் கிடந்த பில்லெல்லாம் பறக்கடித்தது,
மணத்தை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது.
அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டுகிறோம் போல.

கோப்பித்தூள் வை என்றான் கந்தோரில் றமீஸ்.
மூலைக்கு மூலை சிரட்டையில் வைத்தோம்.
விடிய எழும்பினால் வீடு
பஸ் ஸ்ராண்ட் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம்:
கோப்பியும் சிகரெட்டும்.
எனக்கு அது...
சரி, விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைகளைக் கழற்றி மதிலில் போட்டேன்.
றோட்டால் வந்த மான் ஒன்று,
பொலித்தீனும் பழைய பேப்பரும் தின்று வளர்ந்த ரவுண் மான்,
ஒரு நுனியைக் கவ்வியது, தும்மியது,
துப்பிவிட்டு நடந்தது.
"மானே விட்டிட்டுது" என்றாள் சுகிர்தா,
மானைப் பார்க்காமல்.

பிறகு சுவர்.
வாளியில் சுடுதண்ணி, அரைப் போத்தல் வினாகிரி, ஒரு பிடி சவர்க்காரத்தூள்.
கீழிருந்து மேலே துடைக்கவேண்டும்;
மேலிருந்து தொடங்கினால் ஒழுகுகிற கோடுகள் அப்படியே காய்ந்துவிடும்.
பிளேன்ரீ நிறத்தில் இறங்கியது ஒன்பது வருசம்.
முழங்கை வரை வந்தது. நகத்துக்குள் நின்றது.
அன்று சோற்றைக் கரண்டியால் தின்றேன்,
விரலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகப் பயம்.

துடைக்கத் துடைக்க ஆள் தெரிந்தார்.
யன்னலோரம் ஒரு கதிரையளவு இடம் மட்டும் கூடக் கறுப்பு.
நிலையில் சுட்ட தழும்புகள் எல்லாம் இடப்பக்கம்: இடக்கைக்காரர்.
எதிர்ச்சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம், இரண்டு ஆணி.
கலண்டருக்கு ஒன்று போதுமே.
அவருடைய இடத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.
எதிர்க்கரையில் சீனக்குடா வெளிச்சம்,
நடுவில் நகராத ஒரு கப்பல்.
இதைச் சும்மா கையோடு எப்படிப் பார்ப்பது என்று
எனக்கும் தெரியவில்லை.

பிறைமர் ஒருதரம், வெள்ளை இரண்டுதரம்.
பாதிக் காசு பெலிசியா அக்கா.
மெத்தைக்கு அப்பச்சோடா, அலுமாரிக்குள் சிரட்டைக்கரி,
மின்விசிறியின் மேற்பக்கத்தைச் சுரண்ட ஒரு பழைய கத்தி.
போய்விட்டது என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும்.

முதல் வாடைமழை விழுந்த இரவு அது திரும்பி வந்தது.
மெல்லிசாக. பக்கத்து அறையில் ஆரோ
இப்போதுதான் அணைத்ததுபோல.
எழும்பினேன். நாய்போலச் சுவர் சுவராக மோந்தேன்.
சுவிச்சுப் பெட்டிக்கிட்ட நின்றேன்.
மெயினை நிறுத்தி, ரோர்ச்சை வாயில் கவ்வி,
திருகாணி இரண்டையும் கழற்றி மூடியைத் திறந்தேன்.
தூரிகை போகாத இடம்.
விரலகலப் பொந்து, அதற்குள் அவ்வளவும்.

மூக்கை வைத்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"துடைச்சாச்சா?"
பின்னால் சுகிர்தா, இருட்டுக்குள்.
"இன்னும் கொஞ்சம்."
வினாகிரித் துணியை அவளே நீட்டினாள்.
துடைத்தேன். மூடினேன். இறுக்கியதை மறுபடி இறுக்கினேன்.

"முந்நூற்றிப் பதினாலு" என்றாள்,
படுக்கப் போகிற வழியில், சும்மா சொல்வதுபோல.

என் கணக்கில் முந்நூற்றுப் பதின்மூன்று.
ரோர்ச்சை மணிக்கூட்டுக்குப் பிடித்தேன்.
பன்னிரண்டு தாண்டியிருந்தது.