மூன்றாம் வரி

அசூர் நகரத்தில் என்னை வேர்க்காரி என்பார்கள்.
சூரியன் பார்க்காத வேருக்குத்தான் வீரியம் என்பதால்
எனக்குப் பகல் பாதிதான்.

இருட்டில் போவேன்.
செடியைச் சுற்றி வாற்கோதுமை மாவால் ஒரு வட்டம்,
ஒரு விள்ளல் ரொட்டி, இரண்டு சொட்டு எண்ணெய்.
"கேட்பது நானில்லை, காய்ச்சலில் கிடக்கிற ரிஷாத்" என்று
குனிந்து சொல்வேன்.
பதில் வராது.
வராததைச் சம்மதமென்று வைத்துக்கொண்டு
மண்வெட்டியை இறக்குவது எங்கள் வழக்கம்.

ரிஷாத், எழுத்தர் நபு-ஷெசிப்பின் மனைவி.
பதினோரு நாளாகக் கொதிக்கிறது உடம்பு.
பன்னிரண்டாம் நாள் அவர் அந்தக் களிமண் பலகையை எடுத்தார்.
பாபிலோனிலிருந்து கழுதை முதுகில் வந்தது.
வழியில் எங்கோ விழுந்திருக்கிறது.

வாசித்தார்:
தலை கொதித்து, கழுத்து வியர்த்து,
நோயாளி தன் கையைக் கால் என்று சொன்னால்
அதிமதுர வேர், ஆற்றுப்பாலைப் பட்டை,
சிங்கக் கொழுப்பு.

(சிங்கமெல்லாம் இல்லை.
முட்செடி ஒன்றின் பால்.
திருடர்களை ஏமாற்ற வைத்த பெயர்.
அதைக் கீறி எடுத்து வருகிற என்னிடமே
கதவைச் சாத்திவிட்டு
ரகசியமாகச் சொன்னார்கள்.)

மூன்றாம் வரியில் அவர் விரல் நின்றது.
பயறளவு ஒரு பள்ளம்.

"என்ன போட்டிருக்கிறது?"
"உடைந்தது."
"செடியின் பெயர்?"
"உடைந்தது என்கிறேனே."

உள்ளே ரிஷாத்
தன் கையைக் கால் என்று சொல்லி
செருப்பு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளத்தின் அளவுக்கு நான் மூன்று செடி கொண்டுவந்தேன்.
என் மூக்கு சொன்னது பாதி, பயம் சொன்னது மீதி.
முதல் இரவு, ஆட்டு வாடை வீசும் விதை. வாந்தி.
இரண்டாம் இரவு, சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிய பாசி. ஒன்றுமில்லை.
குலாதேவி கோயிலுக்கு
ஒரு மண் நாய் செய்து வைத்துவிட்டு வந்தார் அவர்.
அவசரத்தில் அதற்கு வால் வைக்கவில்லை.
மூன்றாம் இரவு, கால்வாய் மேட்டில் கழுதைகூடத் தொடாத கசப்பிலை.
விடிகிற நேரம் அவள்
தண்ணீரைத் தண்ணீர் என்றே கேட்டாள்.

மறுநாள் ஈரக் களிமண்ணைப் பிசைந்து
பலகைக்குப் படி எடுக்க உட்கார்ந்தார்.
எதிரே குந்தியிருந்தேன்.
என் இலை இறங்கப்போகிறது அந்த மண்ணில்.
நாணல் முனை இறங்கியது, ஏறியது.

"என்ன எழுதினீர்கள்?"
"உடைந்தது."

"பிழைத்தாளே!"
"பிழைத்தாள்.
என் கைக்கு வந்தபோது இந்த இடம் காலி.
நிரப்பிக் கொடுத்தால்
இது முன்னோர் சொன்னது என்று நாளை ஒருவன் நம்புவான்.
கசப்பிலையா, பதினைந்தாம் நாள் தானே இறங்கிய காய்ச்சலா,
உனக்குத் தெரியுமா?"

தெரியாது.
ஆனாலும் எழுந்து வந்துவிட்டேன்.
கூலியைக்கூட வாங்கவில்லை.
நாலு நாள் கழித்து
வாங்கிக்கொள்ளப் போனேன், அது வேறு.
அப்போது கேட்டேன்,
அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று.
உலராத ஓரத்தில் அழுத்திக் காட்டினார்.
காடை நடந்து போன தடம் மாதிரி இருந்தது.

எனக்கு வாசிக்கத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.
ஆனால் எத்தனை பலகையில் இருக்கிறது!
பல்வலியில், தேள்கடியில்,
பிள்ளை பிறக்காதவளுக்கான ஏழாம் வரியில்,
குதிரை வைத்தியத்தில் இரண்டு தடவை.

அந்தச் சொல் வந்ததும்
ஊரிலுள்ள எழுத்தர்கள் வாசிப்பதை நிறுத்தி
கொஞ்சநேரம் மோட்டைப் பார்ப்பார்களாம்.
பிறகு ஒரு பையனை அனுப்புவார்கள்.
நேற்று வந்தவன் மூச்சிரைக்க நின்றான்.
எந்த நோய் என்று நான் கேட்கவில்லை,
எந்த வரி என்று கேட்டுக்கொண்டே
மாவுப் பையைத் தேடினேன்.