ஐந்தரை மணி நேரம்

ஒன்பதிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் மூன்றரை.
சர்வர் இருப்பது கிரீன்விச் நேரத்தில்,
நான் இருப்பது பி.டி.எம். லேஅவுட்டில்,
நடுவில் இந்தக் கழித்தல்.
ஒரேயொரு முறை செய்யவேண்டிய கணக்கு.
நான் செய்தேன்.
நான் செய்தது தெரியாமல்
லைப்ரரியும் தன் பங்குக்குச் செய்தது.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை, விடியாத மூன்றரைக்கு,
பதினோராயிரத்து நானூறு பெற்றோரின்
தலைமாட்டில் ஒரே நேரத்தில் சிணுங்கியது:
நாளை பெற்றோர் ஆசிரியர் கூட்டம்.
மறவாமல் வருக.

கன்னடத்தில், ஆங்கிலத்தில், இந்தியில்,
நான் சண்டை போட்டுச் சேர்த்த தமிழில்.
அந்த "மறவாமல்" என்னுடையது.
எழுத்து வரம்பு மீறுகிறது என்றார்கள்;
பள்ளியின் பெயரைச் சுருக்கி இடம் பிடித்தேன்.

என் போனும் சிணுங்கியது.
சோதனைக்குக் கொடுத்த எண்ணை நீக்கவே இல்லை.
அந்தப் பட்டியலில் எனக்கு
ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி உண்டு.
பெயர், டெஸ்ட் டெஸ்ட்.

மடிக்கணினி வெளிச்சத்தில் ஜெஸ்லின் புரண்டு படுத்தாள்.
பதில்கள் வரத் தொடங்கின.

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோனோம்.
உங்களுக்கெல்லாம் தூக்கமே கிடையாதா?
வெறும் கேள்விக்குறி ஒன்று.
நிறுத்து, நிறுத்து, நிறுத்து,
காலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு நிறுத்து.
"விழித்துத்தான் இருந்தேன், பரவாயில்லை" என்று ஒருவர்.
அவருக்கு என்ன எழுதுவதென்று
நெடுநேரம் கர்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரேணுகா எல்., ஏழு பி.
பத்தொன்பது நொடிக் குரல்.
பின்னால் லாரி ஒன்று பின்வாங்கும் பீப் பீப்,
யாரோ முழம் விலை கூவுகிறார்கள்.
என் அரைகுறைக் கன்னடத்துக்கு
மூன்று முறை கேட்கவேண்டியிருந்தது.

இந்த நேரமே இருக்கட்டும் மேடம்.
ஒன்பதுக்கு மார்க்கெட்டில் கை நிறையச் சேவந்தி,
போன் சில்லறை டப்பாவுக்குள்.
மூன்று கூட்டம் விட்டுப்போச்சு.
ஓசூர் லாரி வரும்வரை
இப்போதுதான் சும்மா நிற்கிறேன்.

நாலே முக்காலுக்குத் திருத்திவிட்டேன்.
அழித்தது ஒரு வரி.
மன்னிப்புச் செய்தி
மிகச் சரியாக ஒன்பதுக்குப் போனது.

மதியம் விசாரணை; அப்படிச் சொல்லக்கூடாது, கற்றல் கூட்டம்.
யார் என்று கேட்கமாட்டார்கள்,
ஏன் என்று ஐந்து முறை கேட்பார்கள்.
சௌமித்ரோ ஐந்தையும் கேட்டு முடித்தான்.
ஆறாவதை நான் கேட்டேன்:
ஏன் ஒன்பது?

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
முதல் வரைவிலேயே ஒன்பது இருந்ததாம்.
எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.
அவர் காப்பி குடிக்கும் நேரமாக இருக்கலாம்.

நேரத்தைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும் என்றேன்.
நல்ல யோசனை என்றார்கள்.
நல்ல யோசனைகள் அடுத்த காலாண்டில்,
நாற்பத்தாறு டிக்கெட்டுகளுக்குக் கீழே.

அன்றிரவு ஓர் அட்டவணை செய்தேன்,
ஒரே வரிசை கொண்டது.
ஓர் எண், ஒரு நேரம்.
"இது என்ன?" என்று சௌமித்ரோ குறிப்பெழுதினான்.
விதிவிலக்கு என்றேன்.
அரைமணி நேரம் பதிலில்லை.
பிறகு பச்சை டிக்,
அதன்மேல் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்தினம்
எதுவும் சிணுங்காமலே விழிப்பு வந்தது.
பதிவேட்டைத் திறந்தேன்.
மூன்று முப்பது. அனுப்பப்பட்டவை: ஒன்று.
மூன்று முப்பத்திரண்டு. படிக்கப்பட்டது.

அதற்குமேல் அதற்குத் தெரியாது.
போனாளா, கையில் பூவாசத்தோடு
அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்தாளா,
கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டாளா,
எதற்கும் என்னிடம் கட்டம் இல்லை.

டெஸ்ட் டெஸ்ட்டின் அம்மாவுக்கு
ஒன்பதுக்குத்தான் வரும்.
அவள் அப்போது
சில்க் போர்டு சிக்னலில் நின்றிருப்பாள்.