இரண்டு வரி

முப்பதாம் நாள் பூசைக்குப் படிக்க
அம்மாவைப் பற்றி இரண்டு வரி
எழுதித் தாருங்கள் என்றார் சாமியார்.
இரண்டு வரியாம், மதலேனா.

நாற்பத்து நான்கு வருடம்
விடியல் ஐந்தேகாலுக்கு
முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் ஐம்பது,
கடலூர் ஓ.டி. கோவில் வாசலில் உன்னை இறக்கிவிட்டு
எதிர்க் கடை முக்காலியில்
கட்சிப் பத்திரிகை விரித்த கருப்புச் சட்டைக்காரன் நான்.
ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை நீ.
ஒருநாளும் வந்ததில்லை நான்.
உன் குரல் மட்டும் சாலை தாண்டி வரும்,
எல்லாரையும்விட அரையடி முந்தி.
உன்னைப் பிடிக்க முடியாமலே
ஓய்வு பெற்றார் ஆர்மோனியம் சின்னப்பநாதர்.

என்னத்தை எழுத?
தவக்காலத்தில் நீ சர்க்கரையை விட்டால்
நாத்திகனுக்கும் நாற்பது நாள் வெறுங்காபி.
"உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்பாய்.
மோட்சத்தையா, என் நீரிழிவையா,
கேட்காமலே விட்டுவிட்டேன்.

தானே புயலில் கூரை கழன்ற இரவு
பேத்திகள் இருவரையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாய்.
நடுவில் நிறுத்தி,
"கேஸை மூடினீங்களா?"
மூடவில்லை.
நான் தவழ்ந்து போய் மூடிவிட்டு வரும்வரை
அந்த மணியை விரலில் பிடித்திருந்து
அங்கிருந்தே தொடர்ந்தாய்.

பெரியவன் பதிவு அலுவலகத்தில் மணமுடித்தபோது
நான் கைதட்டினேன்.
நீ முகம் திருப்பி அழுதாய்.
மறுநாள் காலை துறைமுகத்துக்கு நடந்துபோய்ப்
பால் சுறா வாங்கிவந்து
புட்டு கிண்டினாய் மருமகளுக்கு.
எனக்கு வைத்தது அடிச்சட்டி.

உன் மூக்குக்கண்ணாடியைப் பெண்
எடுத்துப் போய்விட்டாள்.
ஐந்தேகாலுக்கு வண்டி தானாகத்தான் கிளம்புகிறது.
பின்சீட்டில் எடை இல்லாமல்
வேகத்தடையில் தூக்கிப் போடுகிறது.

நேற்று உள்ளே போனேன்.
பெண்கள் பக்கம், தூணோரம், நான்காம் பெஞ்சு.
யாரோ காட்டினார்கள். யாரும் உட்காரவில்லை அதில்.
மேலே மின்விசிறி கிடையாது.
பீடம்கூடப் பாதிதான் தெரிகிறது, தூண் மறைக்கிறது.
இத்தனை இடமிருக்க இங்கேயா
நாற்பது வருடம் வியர்த்தாய் என்று
கோபம் வந்தது.
உட்கார்ந்து பார்த்தேன்.
திறந்திருந்த பக்கவாசல் வழியே
டீக்கடை.
என் முக்காலி.

சாமியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்:
மதலேனாள், வயது அறுபத்தெட்டு.
பாட்டை அவசரமாகப் பாடுவாள்.