இரண்டு மிதி

சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.
அறுபத்து மூன்றில் செய்த குட்டி ஃபியட்டில்
பெல்ட் இல்லாவிட்டால் குற்றமில்லை.
ஓர்னெல்லா விலக்கு அளிக்கவில்லை.

விவாகரத்துத் தாளில் எனக்கு வண்டி, அவளுக்கு வீடு,
சனிக்கிழமை தோறும் மகள் எனக்கு.
"வியோலா அதில் ஏற வேண்டுமானால்" என்று
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதித் தந்தாள்:
பிரேக். பெல்ட். விளக்கு. பக்கக் கண்ணாடி.
கடைசியில், இரண்டு கோடு போட்டு, கதவு.

கதவு பற்றி அவளுக்குத் தெரியும்.
கீல் பின்பக்கம், வாய் முன்பக்கம்,
தாழ் நழுவினால் காற்றை வாரி விழுங்கும்.
ஒருமுறை சவோனா போகும் பெரிய சாலையில்,
பாலத்தின் நட்ட நடுவில்,
அவள் பக்கம் திறந்துகொண்டது.
சேவா வரை ஒரு கையால் கதவைப் பிடித்தபடி
மறு கையால் என்னைத் திட்டினாள்.

மொந்தோவியில் வாடகைக்கு ஒரு கொட்டகை.
மாடியில் பல் மருத்துவர்.
அவர் துளைக்கும் நேரமாகப் பார்த்து நானும் துளைத்தேன்,
சத்தம் யாருடையது என்று
யாரும் சண்டைக்கு வரவில்லை.

பெல்ட்டை இறுக்க இரும்பு வேண்டும்.
மிதியடியைத் தூக்கினால் இருந்தது துரு.
ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், அழுத்தவில்லை,
அது தானாகத் தரைக்குப் போனது.
இத்தனை வருஷம்
பெயின்ட்டின் மேல் கால் வைத்துத்தான் ஓட்டியிருக்கிறோம்.
வெட்டி எடுத்து, மூன்று மில்லி தகடு வைத்து
வெல்டிங் செய்தேன்.
இருக்கைக்கடியில் கிடைத்தது ஐம்பது லீரா.
இனி எதையும் வாங்காத காசு.
நடுவில் ஓட்டை போட்டு வாஷராக்கிவிட்டேன்.

முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது.
அதுவரை நிறுத்தச் சொன்னால்
யோசித்துச் சொல்கிறேன் என்கிற வண்டி.
கழற்றிப் போட்ட டிரம்முக்குள்
தன் ஆமையைக் குடிவைத்தாள் வியோலா.
டைனமோ போய் ஆல்டர்னேட்டர்,
மெழுகுவர்த்தி போய் விளக்கு.
ஃபோசானோ காயலான் கடையில்
அப்பளமாக நசுங்கிய ஒரு நூற்று இருபத்தாறிலிருந்து
எஞ்சினும் கியர்பெட்டியும்.

பழைய கியர்பெட்டிக்கு
கிளட்ச்சை இருமுறை மிதிக்க வேண்டும்:
விட ஒன்று, பிடிக்க ஒன்று,
நடுவில் கொஞ்சம் பொறுமை.
புதியதற்கு ஒன்று போதும்.
இறக்கத்தில் பல் கடிக்கும் அந்தச் சத்தம் இனி இல்லை.
எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

கதவுக்கு இரண்டாவது தாழ். உள்ளே ஒரு சங்கிலியும்.

ஏழு மாதம் கழித்து ஓர்னெல்லா வந்தாள்.
விளக்கிச் சொல்ல வாய் திறந்தேன்,
சாவிக்குக் கை நீட்டினாள்.
வரும்போதே ஒரு சிமென்ட் மூட்டை வாங்கி வந்திருந்தாள்.
"இருபத்தைந்து கிலோ" என்றாள். "வியோலாவும் அதேதான்."
பின் இருக்கையில் அதை உட்காரவைத்து
பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து,
மறுபடி இழுத்துப் பார்த்து,
மேல் சதுக்கத்திலிருந்து இறங்கும் சரிவில்
எச்சரிக்கை எதுவும் இல்லாமல்
பிரேக்கை மிதித்தாள்.

என் நெற்றி கண்ணாடி வரை போய் வந்தது.
நான் பெல்ட் போட மறந்திருந்தேன்.
மூட்டை அசையவில்லை.
அவள் திரும்பி மூட்டையை மட்டும் பார்த்தாள்.

அடுத்த வளைவில் மூன்றிலிருந்து இரண்டு.
அவள் இடது கால்
ஒருமுறை மிதித்தது, விட்டது,
இன்னொரு முறை மிதித்தது.
"ஒன்று போதும்" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
அதற்கடுத்த வளைவிலும் இரண்டு.

கொட்டகை வாசலில் ரசீதை எடுத்து
நான்கை அடித்தாள்.
கதவை அடிக்கவில்லை.
அதன் கீழே புதிதாக ஒன்று எழுதினாள்:
மழையில் வேண்டாம்.

அன்று புதன்.
சனிக்கிழமைக்கு மழை என்று
வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
மாடியில் துளைக்கிற சத்தம்.
வைப்பர் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தேன்,
பெல்ட்டை அவிழ்க்க மறந்த மூட்டை
பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.